கட்டு அவிழ்ந்த பின்: திருவள்ளூர் வட்டாரமும் விளையாட்டு இயன்முறை மருத்துவக் கல்வியும்

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைப் பிரித்து 1997 ஜனவரி 1 அன்று திருவள்ளூர் மாவட்டம் அமைக்கப்பட்டபோது, திருத்தணியின் மலையடிவாரச் சிற்றூர்களும், பழவேற்காட்டு மீனவர் குப்பங்களும், அம்பத்தூர், ஆவடி ஆலைப் பகுதிகளும், கும்மிடிப்பூண்டியின் சிப்காட் வளாகமும் ஒரே ஆட்சியரின் கீழ் வந்தன. வயலிலும் கடலிலும் ஆலையிலும் விளையாட்டுத் திடலிலும் உடலை வருத்தி வாழும் மக்கள் நிறைந்த இவ்வட்டாரத்தில், அடிபட்ட உடலைத் தேற்றும் தொழிலுக்கு நீண்ட வரலாறு உண்டு. அத்தொழிலில் மருந்தும் கருவியும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன. கற்பவரின் அருகில் ஆசான் எவ்வளவு நேரம் நின்றார் என்ற கேள்வி மட்டும் எல்லாக் காலத்துக்கும் பொதுவானது. இன்று தனியார் சிகிச்சை மையம் ஒன்றில் விளையாட்டு இயன்முறை மருத்துவத்துக்கான உறைவிடப் பயிற்சியை உருவாக்க முனைவோரும் அந்தக் கேள்விக்கே விடை தேட வேண்டியிருக்கிறது.

இவ்வட்டார மக்களுக்கு எலும்பு முறிவு என்றவுடன் நினைவுக்கு வருவது புத்தூர் கட்டு. அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா செல்லும் ரயில் பாதையில் திருத்தணிக்கும் நகரிக்கும் அப்பால் இருக்கும் புத்தூர் இன்று ஆந்திரத்தைச் சேர்ந்தது. திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைக்கப்படும் வரை இரண்டும் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தன. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கேசவ ராஜு என்பவர் தொடங்கியதாகச் சொல்லப்படும் இவ்வைத்தியத்தில், முறிந்த எலும்பைக் கையால் தடவி, இழுத்து, நேர்நிறுத்தி, அரைத்த பச்சிலையும் முட்டையின் வெண்கருவும் பூசி, மூங்கில் தப்பைகளை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டுவர். பச்சிலையின் பெயர் குடும்பத்துக்குள்ளேயே காக்கப்பட்டதால் இதன் கல்வியும் குடும்பத்துக்குள்ளேயே நின்றது. தந்தையோ பெரியப்பாவோ எலும்பைத் தொட்டுப் பார்ப்பதை நாள்தோறும் பக்கத்தில் இருந்து பார்த்த பிள்ளையே அடுத்த வைத்தியரானார். எழுத்தில் இல்லாத இக்கல்வி ஆசானின் அண்மையில் குறை வைக்கவில்லை. அதன் குறை வேறிடத்தில் இருந்தது: கட்டு அளவுக்கு மீறி இறுகினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கையோ காலோ கெட்டுப்போகக்கூடும் என்பதை எலும்பு மருத்துவர்கள் பல்லாண்டுகளாக எச்சரித்து வந்துள்ளனர். நல்ல முறையில் போட்ட கட்டேயானாலும், மருத்துவமனையின் மாவுக்கட்டே ஆனாலும், அவிழ்க்கும் நாளில் மூட்டு இறுகியும் தசை மெலிந்தும் இருப்பது இயற்கை. எலும்பு சேர்வதற்கும் மனிதர் வேலைக்குத் திரும்புவதற்கும் இடையில் கிடக்கும் அந்த இடைவெளியை நிரப்புவதே இயன்முறை மருத்துவத்தின், அதாவது பிசியோதெரபியின், பணி.

வட சென்னையின் குத்துச்சண்டைப் பரம்பரைகளும் இங்கு நினைக்கத்தக்கவை. சார்பட்டா, இடியாப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்ற பெயர்களால் அறியப்பட்ட அப்பரம்பரைகளில் வாத்தியாரே பயிற்சியாளர். மோதலுக்கு அனுப்புவதும் நிறுத்திவைப்பதும் அவர் சொல்லே. ஆட்டக்காரரை நெடுநாள் அறிந்த ஒருவர் களத்தோரத்தில் நின்று எடுக்கும் முடிவு என்ற கருத்து இம்மண்ணுக்குப் புதிதன்று.

நவீன இயன்முறை மருத்துவக் கல்வி இந்தியாவுக்கு விளையாட்டின் வழியாக வரவில்லை. இளம்பிள்ளைவாதத்தின் வழியாகவும் தொழுநோயின் வழியாகவும் வந்தது. பம்பாயின் கே.இ.எம். மருத்துவமனையில் 1953-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் உதவியோடு தொடங்கிய பயிற்சிப் பள்ளி, போலியோவால் கால் செயலிழந்த குழந்தைகளை முன்னிட்டே எழுந்தது. 1955-ல் இந்தியப் பிசியோதெரபிஸ்டுகள் சங்கம் தோன்றியது. தமிழகத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1940-களின் இறுதியில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களைச் சீர்செய்யும் அறுவைச் சிகிச்சையைத் தொடங்கினார். ஒரு விரலை மடக்கி வந்த தசைநாணை எடுத்து வேறிடத்தில் பொருத்துவது அறுவை மருத்துவரின் வேலை என்றால், இடம் மாறிய அந்த நாணைப் பயன்படுத்தக் கற்றுத் தருவது பிசியோதெரபிஸ்டின் வேலை. பழைய அசைவை நினைத்து நோயாளி முயலும்போது விரல் புதிய விதமாக அசைவதை அவர் தம் கண்ணால் காணச் செய்து, நாள்தோறும் சிறுகச் சிறுகப் பழக்கி, இறுதியில் சோற்றைப் பிசைந்து உண்ணும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அந்தப் பழக்கம் வாய்க்காவிட்டால் அறுவைச் சிகிச்சை வீண். அதே கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954-ல் நேர்ந்த விபத்தில் கால்கள் செயலிழந்த பின்னும் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே அறுவைச் சிகிச்சை செய்து, பின்னர் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார்; அவர் முன்னின்று நடத்திய மறுவாழ்வு நிலையம் 1966-ல் வேலூரில் திறக்கப்பட்டது. இன்று விளையாட்டு வீரரின் முட்டிக்குச் செய்யப்படும் பயிற்சிகளின் வேர், புகழ் வெளிச்சம் படாத இந்த வார்டுகளில் இருக்கிறது என்பதை விளையாட்டு மருத்துவ வரலாறுகள் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

இதற்கிடையே திருவள்ளூர் வட்டாரத்தில் ஆலைகள் பெருகின. அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலையும், ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், 1971-ல் தோன்றிய சிப்காட் நிறுவனத்தின் வளர்ச்சியோடு கும்மிடிப்பூண்டியில் உருக்காலைகளும் வந்தபின், நசுங்கிய கை, பாரம் தூக்கிப் பிடித்த இடுப்பு, தேய்ந்த தோள் ஆகியவை அன்றாடக் காயங்களாயின. 1948-ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் ஆலைத் தொழிலாளர்களுக்கு மருத்துவமனையைத் தந்தது. ஆயினும் கூட்டம் மிகுந்த இடங்களில் பிசியோதெரபி என்பது பெரும்பாலும், மக்கள் வழக்கில் சொல்வதுபோல், ‘கரண்ட் வைப்பதாகவும்’ மெழுகு ஒத்தடமாகவும் சுருங்கியது. கருவியை ஒருவர் பொருத்திவிட்டு அடுத்த நோயாளியிடம் போகலாம். உடற்பயிற்சியை அப்படிக் கற்றுத்தர இயலாது. இத்துறையின் கல்விக்கு நேர்ந்த பெரிய இழப்பு இதுவே.

விளையாட்டுப் பிரிவைப் பொறுத்தவரை 1987 முக்கியமான ஆண்டு. சென்னையில் எம்.ஆர்.எஃப். வேகப்பந்து அறக்கட்டளை அவ்வாண்டில் தொடங்கியது. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கான சட்டமும் அவ்வாண்டினதே. அமெரிக்காவில் விளையாட்டுப் பிசியோதெரபியில் முதல் சிறப்பு வல்லுநர்கள் சான்று பெற்றதும் அவ்வாண்டில்தான். எம்.ஆர்.எஃப். பயிற்சிக்குத் தலைமை ஏற்ற ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லி 1973-ல் முதுகெலும்பில் அழுத்த முறிவு ஏற்பட்டு, உடலைச் சுற்றி மாவுக்கட்டுப் போடப்பட்டு, அது அவிழ்ந்தபின் உடற்கல்வி அறிஞர் பிராங்க் பைக்கின் வழிகாட்டலில் தசைகளை வலுப்படுத்தி, 1974-75 ஆஷஸ் தொடருக்குத் திரும்பியவர். கட்டு அவிழ்ந்தபின் செய்யப்படும் உழைப்பே ஆட்டக்காரரை மீட்கிறது என்பதற்கு அவரே சான்றாகச் சென்னைக்கு வந்தார். போரூரின் ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்து விளையாட்டு அறிவியல் மையம் 2014-ல் ஐயத்துக்குரிய பந்துவீச்சு முறைகளைச் சோதிக்க சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் ஏற்பைப் பெற்றது. பாகிஸ்தான் பந்துவீச்சாளர் சயீத் அஜ்மல் 2015 ஜனவரியில் சோதிக்கப்பட்டது இங்கேதான். போரூர் முன்பு திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தது என்பது பலர் அறியாத செய்தி.

தமிழ்நாட்டில் இத்துறையின் கல்வி, நான்கரை ஆண்டு இளங்கலைப் பட்டம், அதில் அடங்கிய ஆறு மாத உள்ளிருப்புப் பயிற்சி, விரும்பினால் இரண்டு ஆண்டு முதுகலை என்ற வழியில் வளர்ந்தது. ரெசிடென்சி எனப்படும் உறைவிடப் பயிற்சி இவற்றிலிருந்து வேறானது. பட்டம் பெற்றுத் தொழிலுக்கு வந்தவர், ஒரே துறையில், ஒரே இடத்தில், மூத்தவர் ஒருவரின் நேரடிக் கண்காணிப்பில், ஊதியம் பெற்றுக்கொண்டே நோயாளிகளைக் கவனித்துக் கற்பது அது. அமெரிக்க அங்கீகார அமைப்பு அதற்குக் குறைந்த அளவாக 1,500 மணி நேர நோயாளர் பணி, 300 மணி நேரப் பாடம், 150 மணி நேர வழிகாட்டல் என்று வகுத்துள்ளது. பத்து மணி நேரப் பணிக்கு ஒரு மணி நேரம் ஆசான் உடனிருக்க வேண்டும் என்பதே இதன் பொருள். புத்தூர்க் குடும்பத்தில் கணக்கின்றிக் கிடைத்ததை இங்கே கணக்கிட்டு உறுதிப்படுத்துகிறார்கள்.

தனியார் மையத்துக்குக் கடினமாவது இந்த 150 மணி நேரமே. அங்கு வருமானம் ‘சிட்டிங்’, அதாவது ஒரு முறைச் சிகிச்சை, என்ற அளவில் வருகிறது. மூத்தவர் பயிற்சி பெறுபவரின் அருகில் நின்று, அவர் தொட்டுப் பார்ப்பதையும் முடிவெடுப்பதையும் திருத்தும் ஒவ்வொரு மணியும் மூத்தவரின் சொந்த சிட்டிங்குகளை விழுங்குகிறது. அதை ஈடுசெய்யும் நிதியை முதலிலேயே ஒதுக்காத திட்டம், பெயரில் பயிற்சியாகவும் நடப்பில் மலிவான வேலையாகவும் முடியும்.

நோயாளிகளுக்கு இவ்வட்டாரத்தில் குறைவில்லை. சடுகுடு என்று ஊர்த் திடல்களில் ஆடப்பட்ட கபடி 1990-ல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் இடம்பெற்று, பின்னர் மண்ணிலிருந்து விரிப்புக்கு மாறி, 2014-ல் தொழில்முறைத் தொடராகி, 2017-ல் தமிழ் தலைவாஸ் அணியையும் கண்டது. ரெய்டு போனவரின் கணுக்காலை மூலைக் காவலர் பற்றிக்கொள்ள, பாதம் விரிப்பில் ஊன்றியிருக்க, உடல் மட்டும் நடுக்கோட்டை நோக்கித் திரும்பும் அந்தக் கணத்தில் முட்டிக்குள் இருக்கும் முன் சிலுவை ஜவ்வு கிழியக்கூடும். அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஒன்பது மாதங்களேனும் பொறுத்து, அடிபட்ட காலின் வலிமை மற்றக் காலின் வலிமையில் பத்தில் ஒன்பது பங்கையாவது எட்டியதா என்று அளந்து, ஒற்றைக் காலில் தாவச் செய்து, பிடிபட்டுத் திமிறும் நிலையை ஒத்திகை பார்த்த பின்னரே களத்துக்கு அனுப்புவது முறை. முட்டி ஆறியதா என்பதும் ஆட்டக்காரர் தேறினாரா என்பதும் வெவ்வேறு கேள்விகள்; இரண்டாவதற்கு விடை சொல்லும் பழக்கம் திடலோரத்தில் நின்றால்தான் வரும். ஆகவே மையத்தின் கட்டிலருகே மட்டும் நடக்கும் பயிற்சி விளையாட்டுப் பிரிவுக்குப் போதாது. கும்மிடிப்பூண்டி போன்ற இடத்தில் திடலில் ஆடுபவரே ஷிப்டு வேலையும் பார்க்கக்கூடும் என்பதால், உலைக்கு முன் எட்டு மணி நேரம் நின்ற கால் அன்று மாலை எவ்வளவு தாங்கும் என்பதையும் பயிற்சி பெறுபவர் கணிக்கக் கற்க வேண்டும்; வெளிநாட்டுப் பாடத்திட்டத்தை அப்படியே பெயர்த்து நட்டால் இந்தக் கணிப்புக்கு அதில் இடம் இராது.

2021-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணைநிலை மற்றும் நலவாழ்வுத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், பிசியோதெரபியின் கல்வித் தரத்தையும் தொழில் பதிவையும் ஒரு மைய ஆணையத்தின் கீழும் மாநில மன்றங்களின் கீழும் கொண்டுவந்தது. 2022 ஜனவரியில் திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. எலும்பு மருத்துவர்களை அக்கல்லூரியிலிருந்தும், அளவிடும் கருவிகளைப் போரூரிலிருந்தும், ஆட்டக்காரர்களைப் பொன்னேரி, கும்மிடிப்பூண்டித் திடல்களிலிருந்தும் பெற்று, வழிகாட்டல் நேரத்தை ஊதியத்தோடு ஒதுக்கும் தனியார் மையத்துக்கு இம்மாவட்டத்தில் வேண்டிய துணைகள் எல்லாம் ஒரு மணி, இரண்டு மணிப் பயணத் தொலைவுக்குள் இருக்கின்றன.