யாழும் பறையும்: உயிரின் அழியாமை குறித்து இரு வாதங்கள்

பொ.ஆ.மு. 399இல் ஏதென்ஸ் சிறையில் நஞ்சருந்த வேண்டிய நாளன்று, உயிர் அழியாதது என்பதைச் சாக்ரடீஸ் தம் நண்பர்களிடம் நிறுவ முயன்றதாகப் பிளேட்டோவின் 'பைடோ' உரையாடல் காட்டுகிறது. அங்குச் சிம்மியாஸ் எழுப்பும் ஐயம் வலிமையானது. நரம்புகளை முறையாகக் கட்டிய யாழில் இசையொத்திசைவு தோன்றுகிறது. அது கண்ணுக்குப் புலப்படாதது, யாழைவிட நுண்ணியது. ஆயினும் யாழ் உடைந்தால் அதுவும் இல்லாமற்போகிறது. உயிரும் உடற்கூறுகளின் ஒத்திசைவே எனில், உடலுக்குப் பின் அது எஞ்சுவது எங்ஙனம்?

இவ்வையத்தின் தமிழ் வடிவம் மணிமேகலையின் 27ஆம் காதையில் உள்ளது. வஞ்சி நகரில் மணிமேகலை பல சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்கிறாள். அவர்களுள் பூதவாதி, ஆத்திப்பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் கூடும்போது கள்ளின் களிப்புப் பிறப்பதுபோல, பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது என்கிறான். பூதங்கள் பிரிந்தால் அவ்வுணர்வு பறையின் ஓசைபோல் கெடும் என்பது அவன் முடிவு. இரு நூல்களுக்கிடையே கொடுக்கல் வாங்கலைக் கற்பிக்க வேண்டியதில்லை. ஒரே வினா இரு மரபுகளிலும் இசைக்கருவியை உவமையாக நாடியது என்பதே கருதத்தக்கது.

மறுப்பிலும் ஓர் ஒற்றுமை உண்டு. இருவரும் நினைவையே சான்றாக்குகின்றனர். கற்றல் என்பது பிறப்புக்கு முன் அறிந்ததை நினைவுகூர்தலே என்பதைச் சிம்மியாஸ் முன்னரே ஒப்புக்கொண்டவர். யாழுக்கு முன் அதன் ஒத்திசைவு இருக்க இயலாது. ஆகவே இரு கொள்கைகளையும் ஒருங்கே ஏற்க முடியாது எனச் சாக்ரடீஸ் காட்டுகிறார். மணிமேகலையோ, தன் முற்பிறப்பை அறிந்தவள். அவ்வறிவு தெய்வ மயக்கமோ கனவோ ஆகலாம் என்று பூதவாதி ஐயுற, காட்சியை மட்டும் அளவையாகக் கொள்ளும் நீ உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அன்றி எவ்வாறு அறிவாய் என்று வினவுகிறாள்.

ஆயின் முடிவுகள் வேறு. பிளேட்டோவிடம் முற்பிறப்பு நினைவு அழியாத உயிருக்குச் சான்றாகிறது. மணிமேகலை இறுதியில் அறவண அடிகளிடம் கேட்பதோ பௌத்தத்தின் பன்னிரு சார்பு. அங்குப் பிறவித்தொடர் உண்டு. அதனைத் தாங்கும் நிலைபேறுடைய ஆன்மா இல்லை. வினைத்தொடர்ச்சியே பிறப்பைப் பிறப்போடு இணைக்கிறது.

மறுபிறப்பை ஏற்றோர் அனைவரும் ஆன்மாவின் அழியாமையை ஏற்றவர் எனக் கொள்வது, மணிமேகலையின் தனிச்சிறப்பை மறைத்துவிடும். ஒப்பாய்வு ஒற்றுமையோடு நின்றுவிடலாகாது; ஒரே சான்றிலிருந்து இரு மரபுகள் எவ்விடத்தில் பிரிகின்றன என்பதையும் அது காட்டுதல் வேண்டும்.