சீனாபுரத்து இலக்கணமும் சிவப்பு மையும்

பெருந்துறைக்குப் பக்கத்தில் இருக்கிறது சீனாபுரம். நன்னூல் எழுதிய பவணந்தி முனிவரின் ஊர் இதுதான் என்று கொங்கு நாட்டார் உரிமை கொண்டாடுகிறார்கள். சோழர் காலத்தில் சீயகங்கன் கேட்டுக்கொண்டதற்காக அந்தச் சமண முனிவர் எழுதிய நூல், வெள்ளைக்காரர் ஆட்சியிலும் தமிழ் படிப்போரின் இலக்கணமாக நீடித்தது.

ஆங்கில இலக்கணம் இந்த மண்ணுக்கு வந்தது 19-ஆம் நூற்றாண்டில். 1830-இல் லண்டன் மிஷன் சார்பில் ஆடிஸ் பாதிரியார் கோவைக்கு வந்தார். அங்கே 1852-இல் தொடங்கிய பள்ளி ஒன்று பிற்பாடு அரசு கலைக் கல்லூரியாக வளர்ந்தது. 1862-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தம் பள்ளியைத் திறந்தார்.

ஆங்கிலத்தோடு வந்த விதிகளில் ஒன்று: இரண்டு எதிர்மறை சேர்ந்தால் உடன்பாடு. கேட்டால் ஆதிகாலத்து விதி போலத் தோன்றும்; அப்படியில்லை. சாசரும் ஷேக்ஸ்பியரும் அழுத்தத்துக்காக எதிர்மறைகளைத் தாராளமாக அடுக்கியவர்கள்தான். அவை ஒன்றையொன்று அழித்துவிடும் என்ற தீர்ப்பைப் பரப்பியதில் பெரும்பங்கு ராபர்ட் லௌத் 1762-இல் வெளியிட்ட இலக்கண நூலுக்கு உண்டு. 1930களில் வந்த 'ரென் அண்ட் மார்ட்டின்' இலக்கணப் புத்தகம் அதை இந்திய மாணவர்களின் கைக்குக் கொண்டுவந்தது. 

வேடிக்கை என்னவென்றால், இந்த விதி தமிழனுக்குப் புதிதே அல்ல. 'தெரியாம இல்லீங்க' என்று அவிநாசிக்காரர் சொன்னால் தெரியும் என்றுதான் பொருள். 'வராம இருக்க மாட்டானுங்க' என்றால் வந்தே தீருவான். பிறகு ஏன் நம் மாணவன் 'யாரும் வரவில்லை' என்பதை 'நோபடி டிட் நாட் கம்' என்று எழுதுகிறான்?

'யாரும் வரலீங்க' என்பதில் 'யாரும்' எதையும் மறுப்பதில்லை. மறுப்பு முழுக்க வினையில் இருக்கிறது. 'ஒண்ணும் தெரியாது', 'எங்கயும் போகல' எல்லாம் இதே வகை. ஆங்கிலத்திலோ 'நோபடி', 'நத்திங்', 'நோவேர்' ஆகியவற்றுக்குள்ளேயே மறுப்பு இருக்கிறது. வினையையும் மறுத்தால் எதிர்மறை இரண்டாகிவிடும். லண்டன் தெருவில் ஒருவர் 'ஐ டோன்ட் நோ நத்திங்' என்றால் அது அவருடைய பாட்டன் பூட்டன் பேசிய ஆங்கிலம். கோவை மாணவன் எழுதும் அதே வாக்கியம் தமிழ் வினையின் வேலை. வாத்தியார்கள் இரண்டுக்கும் ஒரே சிவப்புக் கோடுதான் போட்டார்கள்.

'அன்லெஸ்' இன்னும் வில்லங்கம். 'படிக்காவிட்டால் தோற்பாய்' என்பதை 'அன்லெஸ் யூ டோன்ட் ஸ்டடி, யூ வில் ஃபெயில்' என்று எழுதினால், படித்தால் தோற்பாய் என்றாகிவிடும்! 'படிக்காவிட்டால்' என்பதில் உள்ள மறுப்பு 'அன்லெஸ்'ஸிலேயே அடங்கியிருக்கிறது. அதன் பின்னால் 'டோன்ட்' வேண்டாம். 'ஹார்ட்லி', 'ஸ்கேர்ஸ்லி' இரண்டும் பாதி மறுப்புகள். அவற்றோடும் 'நாட்' ஒட்டாது.

விதியை ஒப்பிக்கச் சொல்லும் ஆசிரியர்கள், 'யாரும்' வேறு, 'நோபடி' வேறு என்பதை முதல் வகுப்பிலேயே கரும்பலகையில் எழுதிக் காட்டிவிட வேண்டும்.