ராக்கெட்டுக்கும் காருக்கும் ஒரே கடிவாளம்

கார் பிரியர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு குதிரைத்திறனில் தொடங்கும். ராக்கெட் பிரியர்கள் என்றால் எத்தனை டன் உந்துவிசை, எந்த எரிபொருள், அடியில் எத்தனை என்ஜின் என்று போகும். கணினியைப் பற்றி அங்கே யாரும் வாய் திறப்பதில்லை. அது தனிக் கூட்டத்தின் பேச்சு. ஆனால் இந்த மூன்று தொழில்களின் வரலாற்றையும் சேர்த்து வைத்துப் படிக்கிறவருக்கு, தள்ளும் சக்தி பெரும்பாலும் முன்கூட்டியே வந்துவிட்டது தெரியும். அதை அடக்கவும் திருப்பவும் அளந்து செலவழிக்கவும் தெரிந்த அறிவுதான் பின்னால் மெதுவாக வந்தது. ராக்கெட் அதற்காக நூற்றைம்பது ஆண்டு காத்துக் கிடந்தது, கார் எழுபது எண்பது ஆண்டு. அந்த அறிவு கடைசியில் கணினி வடிவில்தான் இரண்டுக்கும் வந்து சேர்ந்தது.

1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் படையும் அவர் மகன் திப்புவின் படையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஒரு படைப்பிரிவை அழித்தன. அந்தப் போரில் மைசூர் ராக்கெட்டுகள் பறந்தன. மற்ற நாடுகளில் காகிதக் குழாயில் மருந்தை அடைத்துக்கொண்டிருந்த காலத்தில், மைசூர்க்காரர்கள் இரும்புக் குழாயில் அடைத்தார்கள். இரும்பு அதிக அழுத்தம் தாங்கும். அதனால் வேகமும் கூடியது, தூரமும் கூடியது. ஒரு கிலோமீட்டரைத் தாண்டிப் போகும் ஆயுதம் அது. ஆனால் எங்கே போய் விழும் என்பது விட்டவனுக்கே தெரியாது. திசை காக்க அதில் இருந்த ஒரே ஏற்பாடு, குழாயோடு கட்டிய நீண்ட மூங்கில் கழி. திப்பு வீழ்ந்த பிறகு இங்கிலாந்தில் வில்லியம் காங்கிரீவ் அதைப் பின்பற்றிப் பெரிய ராக்கெட்டுகள் செய்தார். 1807-ல் கோபன்ஹேகன் நகரம் அவற்றால் எரிந்தது. ஒரு நகரத்தைக் குறிவைத்தால் எப்படியும் எங்காவது விழும், கவலையில்லை. குறிபார்த்து அடிக்க வேண்டிய இடத்தில் அது உதவவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் குழலுக்குள் வரிகள் வெட்டிய பீரங்கிகள் வந்தபோது ஐரோப்பியப் படைகள் ராக்கெட்டைக் கைவிட்டன. நேராகப் போகத் தெரியாததுதான் அதன் குற்றம். வேகத்தில் யாரும் குறை சொல்லவில்லை.

திரவ எரிபொருள் ராக்கெட்டின் முதல் நாளும் இதே கதைதான். 1926 மார்ச் 16 அன்று அமெரிக்காவின் ஆபர்ன் ஊரில் ராபர்ட் கோடார்டு பெட்ரோலையும் திரவ ஆக்ஸிஜனையும் எரித்து ஒரு ராக்கெட்டைக் கிளப்பினார். இரண்டரை வினாடி பறந்து, 41 அடி உயரம் ஏறி, முட்டைக்கோஸ் தோட்டத்தில் விழுந்தது. அதன் படத்தைப் பார்த்தால் விசித்திரமாக இருக்கும்: என்ஜின் மேலே, எரிபொருள் தொட்டி கீழே. மேலிருந்து இழுத்தால் வண்டி தானாக நேராக நிற்கும் என்று அவர் நம்பினார். அது பிழையான கணக்கு. என்ஜின் ராக்கெட்டோடு சேர்ந்தே சாய்வதால், மேலே வைத்தாலும் கீழே வைத்தாலும் நேர்ப்படுத்தும் விசை எதுவும் பிறக்காது. கோடார்டு விரைவில் அந்த அமைப்பை விட்டுவிட்டு கைரோஸ்கோப் பக்கம் போனார். சுழலும் சக்கரம் ஒன்று ராக்கெட்டின் சாய்வை உணர்ந்து, சுவாலைக்குள் நீட்டிய தகடுகளைத் திருப்பும் ஏற்பாடு அது. அதற்குப் பிறகுதான் அவருடைய ராக்கெட்டுகள் ஆயிரக்கணக்கான அடி உயரத்துக்கு ஒழுங்காக ஏறின.

அதே காலத்தில் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஃபான் ஓப்பல் என்ற கார் கம்பெனி வாரிசு ராக்கெட்டையும் காரையும் ஒன்றாகக் கட்டிப் பார்த்தார். 1928 மே 23 அன்று பெர்லினின் ஆவுஸ் பந்தயச் சாலையில் ஓப்பல் ராக்-2 என்ற கார், பின்னால் 24 வெடிமருந்து ராக்கெட்டுகளோடு, மணிக்கு 230 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. காரின் இரு பக்கமும் விமான இறக்கை போன்று இரண்டு குட்டை இறக்கைகள் இருந்தன. தரையைவிட்டு எழும்பிவிடாமல் காரைக் கீழே அமுக்கத்தான் அவை. ஓட்டுநரால் செய்ய முடிந்தது ராக்கெட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றவைப்பது மட்டும். பற்றவைத்ததை அணைக்கவோ குறைக்கவோ வழியில்லை. வேடிக்கை பார்க்க ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள், பத்திரிகைகள் கொண்டாடின, கம்பெனிக்கு நல்ல விளம்பரம். தொழில்நுட்பமாக அது எங்கும் கொண்டு சேர்க்காத சந்து.

சந்திலிருந்து வெளியே வந்தது இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி ஏவிய வி-2 ராக்கெட். அந்தப் பெயரைச் சொல்லும்போது ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும்: அது குண்டாக விழுந்து கொன்றவர்களைவிட, அதைச் செய்த அடிமைத் தொழிற்கூடத்திலும் முகாமிலும் செத்தவர்கள் அதிகம். 1942 அக்டோபர் 3 அன்று முதன்முறை ஒழுங்காகப் பறந்த அந்த ராக்கெட்டின் 25 டன் என்ஜினைப் பற்றி நூல்கள் பக்கம் பக்கமாகப் பேசும். அதற்காகப் பொறியாளர் ஹெல்முட் ஹோல்சர் செய்த சின்னப் பெட்டியைப் பற்றிப் பேசுவது குறைவு. ராக்கெட் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று கைரோஸ்கோப் சொல்லும். ஆனால் எவ்வளவு வேகமாகச் சாய்ந்துகொண்டிருக்கிறது என்பதும் தெரிந்தால்தான் அளவோடு திருத்த முடியும்; இல்லாவிட்டால் இந்தப் பக்கம் திருத்தியது அந்தப் பக்கம் போய், ஆட்டம் கூடிக்கொண்டே போகும். இரண்டாவது அளவைத் தனிக் கருவி வைத்து எடுப்பது செலவு. ஹோல்சர் முதல் அளவின் மின்சிக்னலை மின்தேக்கிகளும் மின்தடைகளும் கொண்ட சுற்றுக்குள் விட்டு, இரண்டாவது அளவை அதிலிருந்தே கணக்கிட்டு எடுத்தார். எண் எதுவும் இல்லை, மின்னழுத்தமே கணக்கு. பறக்கும் இயந்திரத்துக்குள் வைத்த முதல் கணினிகளில் ஒன்றாக அதைச் சொல்வதில் தவறில்லை.

போருக்குப் பின் ராக்கெட்டின் பசி கணினித் தொழிலையே மாற்றியது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வகம் அப்போலோ விண்கலத்துக்கு வடிவமைத்த கணினி சுமார் 32 கிலோ எடை. அன்றைய கணினிகள் அறையை அடைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஒருங்கிணைந்த சுற்று என்ற சிப் சந்தைக்கு வந்து சில ஆண்டே ஆகியிருந்தது; விலை அதிகம், நம்பிக்கை குறைவு. அந்த நிலையில் அந்த ஆய்வகம் அதையே நம்பி வடிவமைத்தது. 1963 வாக்கில் அமெரிக்காவில் உற்பத்தியான சிப்புகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு வேலைக்கே போனதாகச் சொல்கிறார்கள். நிரல் முழுவதும், காந்த வளையங்களுக்கு உள்ளேயும் வெளியேயும் செம்புக் கம்பியைக் கோத்து, பெண் தொழிலாளர்கள் கையால் பின்னியது. கம்பி வளையத்துக்குள் போனால் ஒன்று, வெளியே போனால் பூஜ்ஜியம். அப்போலோவும் மினிட்மேன் ஏவுகணையும் அந்த விலைக்கு வாங்கியிராவிட்டால், சிப் மலிவாகி காரின் பானெட்டுக்கு அடியில் வந்து உட்கார இன்னும் பல ஆண்டு ஆகியிருக்கும்.

காருக்கு அது எவ்வளவு தேவைப்பட்டது என்பதற்கு ஒரு தோல்வியே சாட்சி. 1950-களின் இறுதியில் அமெரிக்காவின் பெண்டிக்ஸ் கம்பெனி மின்னணு ஃப்யூல் இன்ஜெக்ஷனைச் செய்து கிரைஸ்லர் கார்களில் பொருத்தியது. யோசனை இன்று நம் வண்டிகளில் இருப்பதேதான்: சென்சார் அளக்கும், மின்னணுப் பெட்டி கணக்கிடும், வால்வு அளந்து பெட்ரோலைத் தெளிக்கும். பெட்டியின் பாகங்கள் வெயிலுக்கும் ஈரத்துக்கும் தாங்கவில்லை. விற்ற கார்களில் பெரும்பாலானவற்றுக்குப் பழையபடி கார்புரேட்டரையே மாட்டிக் கொடுத்தார்கள். காப்புரிமை ஜெர்மனியின் போஷ் கம்பெனிக்குப் போனது. நல்ல டிரான்சிஸ்டர்கள் வந்த பின், 1967-ல் வோக்ஸ்வேகன் 1600 காரில் அதே யோசனை ஓடியது. பிறகு 1970-ல் அமெரிக்கா கொண்டுவந்த காற்றுத் தூய்மைச் சட்டம் கார் புகையை ஐந்தாறு ஆண்டுக்குள் 90 சதவீதம் குறைக்கச் சொன்னது. புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கிப் பெட்டி அதிலுள்ள மூன்று வகை நச்சுகளையும் சேர்த்து ஒழிக்க வேண்டுமானால், ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற விகிதம் மயிரிழை பிசகாமல் இருக்க வேண்டும். கார்புரேட்டரின் திருகாணியால் ஆகிற காரியமா அது? 1976-ல் வோல்வோ கார்களில் புகைக்குழாயில் ஆக்ஸிஜன் சென்சார் வந்தது, 1979-ல் போஷின் மோட்ரானிக் அமைப்பு இன்ஜெக்ஷனையும் இக்னிஷனையும் ஒரே கணினியின் கீழ் கொண்டுவந்தது. பிஸ்டன், வால்வு, சிலிண்டர் எல்லாம் தாத்தா காலத்தவை. அவற்றை ஆட்டுவிக்கும் மூளைதான் புதிது. நம் ஊரில் இது பெரும்பாலான பைக்குகள் வரைக்கும் வந்து சேர 2020 ஏப்ரல் ஆனது, பி.எஸ்.-6 புகை விதிகளோடு. காலையில் சோக் இழுத்து, ஆக்ஸிலரேட்டரை முறுக்கி முறுக்கி வண்டியைச் சூடேற்றும் பழக்கம் அதன் பிறகு மெல்ல மறையத் தொடங்கியது.

இதற்கு எதிர்ப்பேச்சு உண்டு, அது லேசான பேச்சும் அல்ல. என்ஜின் இல்லாமல் எதை அடக்குவது? அப்போலோவைச் சுமந்த சாட்டர்ன்-5 ராக்கெட்டின் எஃப்-1 என்ஜின் எரியும்போது உள்ளே அழுத்த அலைகள் கிளம்பி என்ஜினையே சிதறடித்தன. அதைத் தீர்த்தது கணினி அல்ல; எரிந்துகொண்டிருக்கும் என்ஜினுக்குள் வேண்டுமென்றே சிறு வெடிகுண்டை வெடித்து, எரிபொருள் தெளிக்கும் தட்டில் தடுப்புகளை மாற்றி மாற்றிச் சோதித்த ஆண்டுக்கணக்கான உழைப்பு. ஹோண்டா 1970-களில் சி.வி.சி.சி. என்ற என்ஜினால், வினையூக்கிப் பெட்டியும் இல்லாமல், கணினியும் இல்லாமல் அதே சட்டத்தை நிறைவேற்றிக் காட்டியது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சட்டம் மேலும் இறுகியபோது ஹோண்டாவும் சென்சாருக்கும் கணினிக்கும்தான் வந்தது. அந்தத் தந்திரத்துக்கு ஓர் எல்லை இருந்தது. எஃப்-1 பக்கத்திலேயே இன்னொரு உதாரணத்தை வைத்துப் பார்க்க வேண்டும். நிலவுக்குப் போக சோவியத் செய்த என்-1 ராக்கெட்டின் முதல் அடுக்கில் 30 என்ஜின்கள். தனித்தனியே பார்த்தால் அமெரிக்கர்கள் பின்னாளில் வியந்த வடிவமைப்பு. அத்தனையையும் கண்காணிக்க கோர்ட் என்ற கருவித்தொகுதி. 1969 பிப்ரவரியில் பின்பகுதியில் தீப்பிடிக்க, கோர்ட் எல்லா என்ஜின்களையும் அணைத்தது. அந்த ஜூலையில் ஓர் என்ஜின் வெடிக்க, கோர்ட் 29 என்ஜின்களை அணைத்தது. ராக்கெட் ஏவுதளத்தின் மேலேயே வந்து விழுந்தது. 1971-ல் மூன்றாவது தன்னைத்தானே சுற்றத் தொடங்கி, அதை நிறுத்த முடியாமல் போனது. 1972-ல் நான்காவதும் போயிற்று. முதல் அடுக்கை முழுதாகத் தரையில் எரித்துச் சோதிக்கவே இல்லை என்பது உண்மைதான், அது பெரிய தவறு. ஆனாலும் 30 என்ஜினை ஒரே நேரத்தில் மேய்க்கும் மூளை அன்று அவர்களிடம் இல்லை. அந்த மூளை வந்த பிறகு, 2018 பிப்ரவரியில் 27 என்ஜின்களோடு அமெரிக்காவின் ஃபால்கன் ஹெவி ராக்கெட் முதல் முறையிலேயே ஏறியது.

ஃபால்கனின் மெர்லின் என்ஜினை எடுத்துப் பாருங்கள். மண்ணெண்ணெயும் திரவ ஆக்ஸிஜனும்; டர்போபம்பைச் சுழற்றிய வாயுவை வெளியே விட்டுவிடும் பழைய முறை; எரிபொருள் தெளிக்கும் அமைப்பு அப்போலோ நிலவு இறங்குகலத்தின் வாரிசு. 1960-களின் பொறியாளர் ஒருவரை அதன் முன் நிறுத்தினால், பெரும்பகுதி அவருக்குப் புரிந்துவிடும். அவருக்குப் புரியாதது, 2015 டிசம்பர் 21 அன்று அதே என்ஜின்கள் பொருத்திய ஃபால்கன்-9 ராக்கெட்டின் முதல் அடுக்கு திரும்பி வந்து தரையில் நின்றது எப்படி என்பது. மிச்சமிருக்கும் எரிபொருளுக்குள் எந்தப் பாதையில் இறங்கலாம் என்று இறங்கிக்கொண்டே கணக்கிட்டுக் கொள்கிறது அது. அந்தக் கணக்கைப் போடுவது நம் மேஜைக் கணினிகளில் இருக்கும் குடும்பத்தைச் சேர்ந்த சிப்புகள்தான்.

நம் நாட்டில் இந்த வாதத்துக்குக் கடுமையான மறுப்பு, உறைகுளிர் திரவங்களை எரிக்கும் கிரையோஜெனிக் என்ஜின். 1990-களில் அமெரிக்காவின் நெருக்குதலால் ரஷ்யா தொழில்நுட்பத்தைத் தர மறுத்தது. மகேந்திரகிரி சோதனை மையத்தில் சோதனை மேல் சோதனை நடத்தி, 2014 ஜனவரி 5 அன்றுதான் நம் சொந்த என்ஜின் செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. என்ஜின்தானே கடினமாக இருந்தது என்று கேட்டால், இந்த ஓர் இடத்தில் ஆம். ஆனால் இஸ்ரோவின் தோல்விகளை வரிசையாக எடுத்துப் பாருங்கள். 1979-ல் முதல் எஸ்.எல்.வி. விழுந்தது, இரண்டாம் அடுக்கைத் திசைதிருப்பும் கட்டுப்பாட்டு அமைப்பின் வால்வில் அமிலம் கசிந்ததால். 1993-ல் முதல் பி.எஸ்.எல்.வி.யின் என்ஜின்கள் நன்றாகவே எரிந்தன. அடுக்கு பிரிந்தபோது ஏற்பட்ட ஆட்டத்தைத் திருத்த வேண்டிய மென்பொருளில் பிழை. 2010 டிசம்பரில் ஜி.எஸ்.எல்.வி. ரஷ்யாவிலிருந்து வாங்கிய கிரையோஜெனிக் அடுக்கோடு கிளம்பியது. அந்த அடுக்கைப் பற்றவைக்கும் கட்டமே வரவில்லை. கட்டளைகளைக் கீழே கொண்டுபோகும் மின் இணைப்பிகள் ஒரு நிமிடத்துக்குள் பிடுங்கிக்கொண்டன, ராக்கெட்டை வெடிக்கவைத்து அழிக்க வேண்டியதாயிற்று. ஐரோப்பியர்களுக்கும் விதிவிலக்கில்லை. 1996-ல் முதல் ஏரியன்-5, பழைய ஏரியன்-4-க்கு எழுதிய நிரலின் ஒரு பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு கிளம்பியது; புதிய ராக்கெட்டின் கூடுதல் வேகம் அந்த நிரலில் ஒதுக்கிய 16 பிட் இடத்துக்குள் அடங்காமல், 40 வினாடிக்குள் சிதறியது. புத்தம்புதிய வல்கேன் என்ஜின்மீது குறை சொல்ல எதுவுமில்லை.

இத்தனைக்கும் பிறகும் ஏவுதல் நாளில் நம் பத்திரிகைகள் போடும் வரைபடத்தில் டன் கணக்கும் எரிபொருள் பெயரும் உயரமும் இருக்கும். ராக்கெட்டின் மூளை இருக்கும் கருவிப்பெட்டிக்கு ஒரு அம்புக்குறிகூட இருக்காது. வரைபடம் போடுகிறவர்கள் அடுத்த முறை அந்த ஒரு அம்புக்குறியைச் சேர்த்துப் போடட்டும்.