டோக்கன்

ரேஷன் கடையில் வாங்கும் அதே டோக்கன்தான். பழைய ஆங்கிலத்தில் ‘டாக்கன்’ என்றால் அடையாளம். ‘காட்டு’ என்ற பொருளுள்ள தொல்வேரிலிருந்து வந்தது. ‘டீச்சர்’கூட இதற்கு ஒன்றுவிட்ட உறவுதான்.

மேகக் கணிமையில் இதை நீட்டுவது ஆளல்ல, நிரல். கோப்பைத் திறக்கவோ தரவுத்தளத்தைத் தொடவோ டோக்கனைக் காட்டியாக வேண்டும். மேகத்தில் நிரல்களை இயக்கி நிர்வகிக்கும் மென்பொருளான குபர்நெட்டிஸ் தானாக உருவாக்கிவந்த டோக்கன்களுக்கு ஒருகாலத்தில் காலாவதியே கிடையாது. திருடியவன் கையில் அது நிரந்தரச் சாவி. 2022-இல் வந்த 1.24 பதிப்பு அந்த வழக்கத்தை நிறுத்தியது. இப்போது காலக்கெடுவோடு தந்து, கெடு முடியுமுன் புதுப்பிக்கிறது.

ஆயுளைக் குறைத்தால் மட்டும் போதுமா? 2019-இல் கேபிட்டல் ஒன் வங்கியில் களவுபோனது தற்காலிகச் சாவிதான். அதற்குத் தந்திருந்த அனுமதியோ தாராளம். சுமார் 10 கோடி அமெரிக்கர்களின் விவரங்கள் வெளியேறின.