மூஞ்சூறு சொன்ன சேதி

பிள்ளையாரின் வாகனம் எது என்று கேட்டால் சிலர் எலி என்பார்கள், சிலர் பெருச்சாளி என்பார்கள், வீட்டுப் பெரியவர்கள் மூஞ்சூறு என்பார்கள். அடி அண்ணாமலை வழியாகக் கிரிவலம் போகிறவர்கள் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு அவர் காலடியில் இருக்கும் அந்தச் சின்ன ஜீவனையும் பார்த்திருப்பார்கள்.

ஆனால் மூஞ்சூறு எலி இனமே இல்லை! எலி கொறித்துத் தின்னும் பிராணி. மூஞ்சூறு பூச்சி தின்னும் பிராணி. நீண்ட மூக்கு, குன்றிமணிக் கண், கீச் கீச் சத்தம், கிட்டே வந்தால் ஒரு நாற்றம். இந்த வித்தியாசத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையே இதில்தான் இருக்கிறது.

திருவண்ணாமலைக்கு வடக்கே சுமார் 80 கி.மீ. தூரத்தில் வேலூர். அங்கே தோட்டப்பாளையம் என்று ஒரு பகுதி. 1964-இல் மூளைக்காய்ச்சல் ஆராய்ச்சிக்காக வேலூரில் வேலை செய்துகொண்டிருந்த குழுவினர், ஒரு மூஞ்சூறிலிருந்து புது வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். ஊர்ப் பெயரையே வைத்து அதற்குத் 'தோட்டப்பாளையம் வைரஸ்' என்று பெயரிட்டார்கள். டொனால்ட் கேரியும் அவருடைய சகாக்களும் 1971-இல் எழுதிய கட்டுரையில், இது கொசு போன்ற பூச்சிகள் பரப்பும் வகையாக இருக்கலாம் என்று கருதினார்கள். அதோடு விஷயம் அடங்கிவிட்டது.

இனி கொரியாவுக்குப் போவோம். 1950-களின் தொடக்கத்தில் கொரியப் போரில் ஆயிரக்கணக்கான ஐ.நா. படை வீரர்களுக்கு விநோதமான காய்ச்சல் வந்தது. இரத்தக்கசிவு, சிறுநீரகக் கோளாறு, சிலருக்கு மரணம். காரணம் என்ன என்று தெரியவே கால் நூற்றாண்டு ஆனது. 1978-இல் ஹோ வாங் லீ என்ற கொரிய விஞ்ஞானி, வயல் எலியிடமிருந்து வந்த வைரஸ்தான் காரணம் என்று அறிவித்தார். ஹந்தான் ஆற்றின் பெயரால் அது 'ஹந்தான் வைரஸ்' ஆனது. அந்தக் குடும்பத்துக்கே ஹந்தாவைரஸ் என்று பெயர் வந்தது.

1980-களின் முடிவில்தான் நம் தோட்டப்பாளையம் வைரஸும் அதே குடும்பம் என்று புரிந்தது. அதாவது, முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்ட ஹந்தாவைரஸ் கொரியாவுடையது அல்ல, வேலூருடையது! ஆனாலும் அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஹந்தாவைரஸ் என்றால் எலிக்குத்தான், மூஞ்சூறுக்கு எப்படியோ தவறுதலாகத் தொற்றியிருக்கும் என்ற எண்ணமே பரவலாக இருந்தது.

1993-இல் அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதியில் நல்ல ஆரோக்கியமான இளைஞர்கள் மூச்சுத்திணறி இறந்தார்கள். காரணம் இன்னொரு ஹந்தாவைரஸ். இது புதிதாக முளைத்ததா, யாராவது ஆய்வகத்தில் செய்ததா என்றெல்லாம் வதந்தி கிளம்பியது. பதில் அருங்காட்சியகத்தில் இருந்தது. நியூ மெக்சிகோ, டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகங்களின் சேகரிப்பில், பல ஆண்டுகளுக்கு முன்பே பிடித்து உறைய வைத்திருந்த சுண்டெலித் திசுக்களைச் சோதித்தார்கள். அவற்றிலும் அந்த வைரஸ் இருந்தது. ஆக, அது பழைய வைரஸ். மனிதர்கள்தான் புதிதாகக் கவனித்திருக்கிறார்கள்.

சோதனை எப்படி? ஹந்தாவைரஸின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ. அது சீக்கிரம் சிதைந்துவிடும். அதனால் கடுங்குளிரில் வைத்த திசுவே நல்லது. ஃபார்மலினில் ஊறியதிலிருந்து எடுப்பது கஷ்டம். எடுத்த ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி, பி.சி.ஆர். முறையில் கோடிக்கணக்கான பிரதிகள் எடுத்து, எழுத்து எழுத்தாகப் படித்துப் பிற வைரஸ்களோடு ஒப்பிடுவார்கள்.

2007-இல் தோட்டப்பாளையம் வைரஸையும் இப்படிப் படித்தபோது, அது எலி ஹந்தாவைரஸ்களிடமிருந்து வெகுதூரம் விலகியிருப்பது தெரிந்தது. தவறுதலாகத் தொற்றியதல்ல, மூஞ்சூறின் சொந்த வைரஸ். அதே காலத்தில் ஹவாய் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் யானகிஹாராவும் அவரோடு வேலை செய்தவர்களும், 1990-களில் மின்னசோட்டாவில் பிடித்துப் பத்திரப்படுத்தியிருந்த மூஞ்சூறுத் திசுவில் இன்னொரு புது ஹந்தாவைரஸைக் கண்டார்கள். பிறகு அகழெலி, வௌவால் என்று பட்டியல் நீண்டது. எலியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய பாடம் மாறிப்போனது.

தோட்டப்பாளையம் வைரஸால் மனிதருக்கு நோய் வருவதாக இதுவரை நிறுவப்படவில்லை. பயப்பட வேண்டியதில்லை. ஆனால் வேலூர் சி.எம்.சி. 2005-இல் வெளியிட்ட ஆய்வில், தென்னிந்திய மக்கள் சிலரின் இரத்தத்தில் ஹந்தாவைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் கிடைத்தன. அலட்சியமாக இருக்கவும் முடியாது.

பி.காம். படிப்பவர்களுக்கு ஒரு சுவாரசியமான செய்தி. அருங்காட்சியகத்தில் அடையாளச் சீட்டோடு வைக்கும் பிராணிக்கும் 'வவுச்சர்' என்றுதான் பெயர். எங்கே, எந்தத் தேதியில் பிடித்தது என்ற சீட்டு இல்லாவிட்டால் அது வெறும் தோல். வவுச்சர் இல்லாத கணக்கைத் தணிக்கையாளர் ஏற்பாரா? நோயின் வரலாறும் அப்படித்தான்.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியது. இந்திய விலங்கியல் ஆய்வகம் 1916-இல். இப்படிப்பட்ட இடங்களில் பழைய தோலும் எலும்பும் எதற்கு, இடத்தை அடைக்கின்றனவே என்று கேட்பவர்கள் உண்டு. 1964-இல் ஒரு மூஞ்சூறைப் பிடித்தவர்களுக்கும் அது எதற்கு உதவும் என்று தெரியாது. எடுத்ததைப் பெயரெழுதி, தேதி போட்டு, பத்திரமாக வைத்தார்கள். 43 ஆண்டுகள் கழித்து அது பேசியது.