புலித் தலைக்குச் சன்மானம்

கோலாலம்பூர் பழைய ரயில் நிலையத்தை வரைந்த ஆர்தர் ஹப்பேக்கைப் பலருக்குத் தெரியும். அவருடைய சகோதரர் தியோடர், ரப்பர் தோட்டத் துரை. யானை, காட்டெருமை வேட்டை பற்றி 1905இல் புத்தகமே போட்டவர்.

அப்போ புலியைக் கொன்றால் அரசாங்கமே சன்மானம் கொடுத்தது. விடியுமுன் பால்மரம் வெட்டப்போன நம்ம சனத்துக்குப் புலிப் பயம் நிஜம்தான். ஆனா துப்பாக்கி துரை கையில். செத்த புலியோடு படத்தில் நிற்பதும் அவர்தான்.

இந்தத் தியோடர் பிறகு கட்சி மாறினார். 1930களில் வனவிலங்கு ஆணையத்தை நடத்தி, காட்டை ஒதுக்கச் சொல்லி விடாமல் மல்லுக்கட்டினார். பகாங், கிளந்தான், திரெங்கானு மூன்றிலும் பரவிய இன்றைய தாமான் நெகாரா அப்படி வந்தது.

இப்போ நாடு முழுக்கக் காட்டில் 150 புலிகூட இல்லை. திருட்டு வேட்டைக்குத் துப்பாக்கியும் வேணாம், கம்பிக் கண்ணியே போதும்.