கண்டென்சர்: ஒரு சின்ன டப்பாவின் பெரிய கதை

பாடியில் ஆரம்பித்து அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர், வேப்பம்பட்டு வழியாகத் திருவள்ளூர் போகிறது சி.டி.எச். சாலை. காரின் எலெக்ட்ரிகல் வேலையில் வந்த பெரிய மாற்றத்தை இந்த ஒரே சாலையை வைத்துச் சொல்லிவிடலாம். ஒரு முனையில், பாடியில், 1961-ல் தொடங்கப்பட்ட லூகாஸ் டிவிஎஸ். மறுபக்கம், திருவள்ளூரைத் தாண்டி, 1998-ல் மிட்சுபிஷி லான்சர் கார் தயாரிக்கத் தொடங்கிய இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை. முதல் காலத்து மெக்கானிக்குகள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பொருள் இரண்டாவது காலத்தில் கண்ணிலிருந்தே மறைந்து போனது. அதன் பெயர் கண்டென்சர். படித்தவர்கள் சொல்லும் கபாசிட்டரும் அதுதான்.

ஜாடியில் பிறந்தது

மின்சாரத்தைச் சேர்த்து வைக்க முடியும் என்பது 1745-ல் ஜெர்மனியில் கிளைஸ்டுக்கும், 1746-ல் ஹாலந்தின் லைடன் நகரில் மூஷன்புரூக்குக்கும் தனித்தனியாகத் தெரிய வந்தது. தண்ணீர் ஊற்றிய ஒரு கண்ணாடி ஜாடி, அவ்வளவுதான். மின்சாரம் தரும் இயந்திரத்தை அதிலிருந்து பிரித்த பிறகும் ஜாடிக்குள் மின்சாரம் இருந்தது. தொட்டவருக்கு உடம்பே அதிரும்படி அடி விழுந்தது. "இணைப்பை எடுத்த பிறகும் உள்ளே இருக்கும்" என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

1853-ல் பிரெஞ்சு விஞ்ஞானி ஃபிஸோ, தூண்டல் சுருளில் கரண்டை வெட்டி வெட்டி விடும் முனைகளுக்குக் குறுக்கே ஒரு கண்டென்சரை இணைத்தார். பொறியின் பலம் பலமடங்கு கூடியது. அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய பேட்டரி இக்னிஷன் 1910-ம் ஆண்டு மாடல் கேடிலாக் கார்களில் வந்தது. அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்கு உலகமெங்கும் பெட்ரோல் கார்களில் பாயிண்ட், காயில், கண்டென்சர் என்ற கூட்டணிதான்.

அது என்ன செய்கிறது?

பாயிண்ட் மூடியிருக்கும்போது 12 வோல்ட் பேட்டரியின் கரண்ட் காயிலில் ஓடும். காயிலைச் சுற்றிக் காந்தப்புலம் சேரும். பாயிண்ட் திறந்ததும் அந்தப் புலம் சட்டென்று அடங்க வேண்டும். அப்போதுதான் காயிலின் இன்னொரு சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் கிளம்பி பிளக்கில் பொறி வரும். ஆனால் ஓடிக்கொண்டிருந்த கரண்ட் சும்மா நிற்காது. திறக்கும் பாயிண்ட்டின் சின்ன இடைவெளியைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கும். குதித்தால் பாயிண்ட் கருகும், பிளக்குக்குப் பொறி போகாது. அந்த நொடிக்குள் கரண்டைத் தன்னிடம் வாங்கிக்கொள்வதுதான் கண்டென்சரின் வேலை. அளவு சுமார் 0.2 மைக்ரோஃபாரட். கட்டை விரல் அளவு உலோக டப்பா.

ஈரத்துணியும் கண்டென்சரும்

பழைய அம்பாசிடர், ஃபியட், சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் எல்லாவற்றிலும் இந்த முறைதான். வெயில் காலத்தில் இந்தக் கார்கள் பாதி வழியில் நின்றுவிடுவது உண்டு. உடனே பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போடுவார்கள். சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைத்துவிட்டது என்று கணக்கு. கொஞ்ச நேரத்தில் வண்டி கிளம்பிவிடும். துணிதான் காப்பாற்றியது என்று எல்லோரும் நம்புவார்கள்.

ஆனால் சூடேறினால் வேலை செய்யாமல் போய், ஆறினால் மறுபடி வேலை செய்யும் கண்டென்சரும் உண்டு. இரண்டு கோளாறுக்கும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றே!

நல்ல மெக்கானிக் இரண்டையும் எப்படிப் பிரித்தார்? வண்டி ஆறுவதற்கு முன்பே, காயிலிலிருந்து வரும் தடித்த வயரை இன்சுலேஷன் உள்ள பிளையரால் பிடித்து, இன்ஜின் இரும்புக்குச் சற்று அருகில் வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொன்னார். நீல நிறத்தில் 'டிக் டிக்' என்று பொறி வந்தால் இக்னிஷன் சரி, பெட்ரோல் பக்கம் பார்க்க வேண்டும். மஞ்சளாக, சோம்பலாக வந்தால், கூடவே பாயிண்ட்டில் பெரிய பொறி பறந்தால், சந்தேகம் கண்டென்சர் மேல். வேறொரு நல்ல கண்டென்சரை வயரால் இணைத்துப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். பாயிண்ட்டின் ஒரு முகத்தில் குழி, மறுமுகத்தில் மேடு இருந்தாலும் கண்டென்சரின் அளவு சரியில்லையோ என்று யோசிப்பார்கள். இதற்கெல்லாம் கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை. கண்ணும் காதும் வரிசையான யோசனையும் போதும்.

ரேடியோ வைத்த கார்களில் டைனமோ பக்கம் இன்னொரு கண்டென்சர் இருக்கும். பாட்டுக்கு நடுவே கேட்கும் 'கொய்ங்' சத்தத்தை அடக்க அது உதவியது.

மறைந்தது, ஆனால் போகவில்லை

டிரான்சிஸ்டர் வந்ததும் பாயிண்ட் தேவையில்லாமல் போனது. 2000-ல் புகைக் கட்டுப்பாடு இறுகிய பிறகு கார்புரேட்டரும் மெல்ல விடைபெற்றது. எல்லாம் ஈசியூ என்ற மூடிய பெட்டிக்குள் போனது. அந்தப் பெட்டிக்குள்ளும் கபாசிட்டர்கள் இருக்கின்றன, மின்னழுத்தம் ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்ள. 1990-களில் வந்த சில ஜப்பானியக் கார்களில் அவை கசிந்து, ஈசியூ பலகையையே அரித்த கதையும் உண்டு. ரோட்டோர மெக்கானிக் ஸ்குரூ டிரைவரால் மாற்றிய பொருள், இப்போது சால்டரிங் தெரிந்தவர் தொட வேண்டிய பொருளாகிவிட்டது. அது தெரியாத இடத்தில் முழு ஈசியூவையும் மாற்றச் சொல்வார்கள். நஷ்டம் கார்க்காரருக்கு.

திருவள்ளூர் ஆலையின் கதை லான்சரோடு முடியவில்லை. 2021 முதல் அங்கே சிட்ரோயன் கார்கள் தயாராகின. 2023-ல் ஈ-சி3 என்ற மின்சாரக் காரும் வந்தது. மின்சாரக் காரின் இன்வெர்ட்டரில் இருக்கும் கபாசிட்டர் நூற்றுக்கணக்கான வோல்ட்டைத் தாங்குவது. சாதாரணக் காரின் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியிலும் ஒரு கபாசிட்டர் உண்டு. மோதலில் பேட்டரி அறுந்தாலும் பை விரிய வேண்டும் என்பதற்காக அது மின்சாரத்தைச் சேமித்து வைக்கிறது.

அதனால்தான் பேட்டரி வயரைக் கழற்றிய உடனே ஏர்பேக் வயரைத் தொடாதே, சில நிமிடம் காத்திரு என்று சர்வீஸ் புத்தகங்கள் சொல்கின்றன. மின்சாரக் காரிலும் அப்படியே: காத்திருந்து, மீட்டரில் அளந்து பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். இணைப்பை எடுத்த பிறகும் உள்ளே இருக்கும்! லைடன் ஜாடி அன்றைக்குக் கொடுத்த அடியின் பாடம் இதுதான்.

அன்று கண்டென்சர் கெட்டுப்போனால் வண்டி நின்றது. இன்று நன்றாக இருக்கும் கபாசிட்டரை மறந்தால் மெக்கானிக்கின் உயிருக்கே ஆபத்து. சி.டி.எச். சாலையோரம் ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொள்ளும் பையனுக்குப் பொறியின் நிறத்தோடு சேர்த்து இதையும் யாராவது சொல்லித்தர வேண்டும்.